கட்டுத்தறிச் சட்டை

எனக்கு வாய் அதிகம்னு எங்கூட்டுலயும் சொல்லுவாங்க, கம்பெனியிலயும் சொல்லுவாங்க. டீ டைம் ரெண்டு நிமிசம் கொறஞ்சாக் கேக்கறது நான். பாத்ரூம்ல தண்ணி வரலீன்னா ஆபீஸ் ரூம் கதவைப் போய்த் தட்டறது நான். வேன் டிரைவர் பொம்பளைப் புள்ளைங்களை ஏத்தாம வந்துட்டான்னு நடுரோட்டுல வண்டியை நிறுத்திச் சண்டை போட்டதும் நான்தான். "அக்கா, உங்களைக் கண்டாலே எனக்குத் தலைவலி வருதுங்க"ன்னு சூப்பர்வைசர் தம்பி கையெடுத்துக் கும்புடுவாப்ல. அதுல எனக்கொரு பெருமை. அந்த வாயி ஒரு தடவை, தெறக்க வேண்டிய எடத்துல தெறக்கலை. அதைத்தான் எழுத உக்காந்திருக்கறேன்.

ரெண்டாயிரத்து நாலோ அஞ்சோ, சரியா ஞாபகமில்லை. அப்ப நாங்க வெள்ளகோவிலுக்குப் பக்கத்துல ஒரு ஊர்ல இருந்தோம். ஊட்டுக்காரர் தறிக்குப் போவாரு. நான் காலையில கம்பெனி வேன் ஏறித் திருப்பூர் போவேன். சின்னக் கொழந்தைங்களுக்குத் துணி தைக்கிற பனியன் கம்பெனி. எனக்கு செக்கிங் வேலை. தைச்சு வர்ற பீஸை டேபிள் மேல விரிச்சுப் போட்டு, ஓட்டை இருக்குதா, எண்ணெய்க் கறை இருக்குதா, தையல் விட்டிருக்குதான்னு பாத்துப் பாத்து ஒதுக்கணும். ஆறு வருசம் அதே டேபிள், அதே ஜன்னலோரம். அந்த எடத்துல வேற யாராச்சும் நின்னா எனக்கு நெஞ்சு பத்திக்கும்.

சட்டையைப் பத்திச் சொல்லிடறேன். எங்க பக்கம் காட்டு வேலைக்குப் போற பொம்பளைங்க சீலைக்கு மேல ஊட்டுக்காரரோட பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்குவாங்க. வெயிலுக்கும் ஆச்சு, சுணைக்கும் ஆச்சு. காட்டு வேலையை உட்டுட்டுக் கம்பெனிக்கு வந்தும் அந்தப் பழக்கம் எங்களை உடலை. பனியன் துணியில பஞ்சு பறந்துட்டே இருக்கும், சாயங்காலம் பாத்தா சீலை பூரா நரைச்ச மாதிரி இருக்கும். அதனால லைன்ல நிக்கற பாதிப்பேரு மேல ஆம்பளைச் சட்டைதான். எனக்கு நீலக் கட்டம் போட்ட சட்டை ஒண்ணு. விடியக் காலையில எந்திரிச்சு அதை மாட்டிட்டுத்தான் பால் பீச்சுவேன், சாணி அள்ளுவேன், தவுடு கலக்குவேன். அதையே ஒதறி மாட்டிட்டு வேன் ஏறிருவேன். வாரத்துக்கு ஒருக்கா தொவைப்பேன். இதுல என்ன தப்புன்னு அன்னிக்கு யாராச்சும் கேட்டிருந்தா, போங்க சாமி உங்க வேலையைப் பாத்துட்டுன்னு சொல்லியிருப்பேன்.

ஊட்டுல ஒரு சீமை மாடு இருந்துச்சு. ஆடி மாசம் கெடாரிக் கன்னு போட்டுச்சு. செவலை, நெத்தியில மட்டும் வெள்ளை. எனக்குக் கல்யாணமாகி நாலு வருசம் ஆகியிருந்துச்சு, வயித்துல ஒண்ணும் தங்கலை. ஒறம்பரை வர்றவங்க வாசப்படி ஏறுறப்பவே என் வயித்தைத்தான் பாப்பாங்க. ஒரு அம்மா எல்லாத்துக்கும் முன்னால, "ஏங்கண்ணு, டாக்டரைப் பாத்தீங்களா இல்லியா"ன்னு கேட்டுச்சு, நான் காப்பி டம்ளரை அப்படியே தட்டுல வெச்சுட்டுக் கட்டுத்தறிக்குப் போயிட்டேன். மாடு கட்டற எடத்தை நாங்க கட்டுத்தறிம்போம். அந்தக் கன்னுக்குட்டி ஒண்ணும் கேக்காது. வந்து என் நெஞ்சுல மூஞ்சியை வெச்சுத் தேய்க்கும். நான் கழுத்தைக் கட்டிட்டு உக்காந்துக்குவேன். பைத்தியம்னு நெனைச்சாலும் நெனைச்சுக்கங்க, எனக்கு அது புள்ளை மாதிரிதான்.

ஐப்பசி மழை ஆரம்பிச்சு பத்து நாள்ல அதோட கண்ணைச் சுத்தி வெள்ளையா வந்துச்சு. சாம்பலைக் கொழச்சு அப்புன மாதிரி, தடிசா, செதில் செதிலா. அப்புறம் காதுகிட்ட, அப்புறம் தாடையில. முடி அங்கங்க கொட்டிப் போச்சு. எங்க அத்தை, அதாவது மாமியார், கட்டுத்தறிக்கு வந்து பாத்தாங்க.

"அம்முணி, அதுக்குப் படை புடிச்சிருக்குது. சித்த எட்டவே இரு."

"படையும் இல்லை கிடையும் இல்லீங்க அத்தை. மழை ஈரம். ரெண்டு நாள் எண்ணெய் போட்டா உதுந்துரும்."

"ஆமா, உனக்குத் தெரியாததா"ன்னுட்டு அவங்க போயிட்டாங்க.

நான் வேப்பெண்ணெயைக் கையில ஊத்தி, வெறும் கையிலயே தேச்சேன். நகத்துல நெம்பினா செதில் கட்டியாப் பேந்து வரும், அடியில தோல் செவப்பாத் தெரியும். கன்னுக்கு அது சொகமா இருக்கும்போல, தலையை நல்லாக் குடுக்கும். பேந்த செதிலெல்லாம் என் கை மேல, சட்டை மேல. தட்டி உட்டுட்டு வேனுக்கு ஓடுவேன்.

தீபாவளி முடிஞ்சு கம்பெனிக்கு ஒரு புதுப் பொம்பளைப் புள்ளை வந்துச்சு. தென்காசிப் பக்கம். பத்தொம்பது வயசு இருக்கும். கம்பெனிக்குப் பின்னாடியே ஹாஸ்டல், அதுல தங்கிக் கைமடி வேலை. டெய்லருக்குப் பக்கத்துல நின்னு பீஸை எடுத்துக் குடுக்கறதும், தைச்சதை வாங்கி அடுக்கறதும்தான் கைமடி. அடுக்கினதை என் டேபிளுக்குக் கொண்டாந்து போடறதும் அதே புள்ளைதான், அப்படித்தான் எங்களுக்குள்ள பேச்சு ஆரம்பிச்சுச்சு. அது பேசறது எனக்குப் புடிக்கும். "எக்கா, வாரேன்க்கா, சொல்லுதேன்க்கா"ன்னு இழுத்து இழுத்துப் பேசும். நான் "ஏனுங் அம்முணி"ன்னு பதில் குடுத்தா அது சிரிச்சே சாகும்.

பத்து வயசுலேருந்து பீடி சுத்தின புள்ளை. கையைக் காட்டுச்சு ஒரு நாள், கட்டை விரல் ஓரம் காச்சுப் போயிருந்துச்சு. "எக்கா, மடியில ஒருக்கா பீடித் தட்டை வெச்சுட்டா அப்புறம் எந்திரிக்க முடியாதுக்கா. எங்கம்மா கல்யாணம் ஆகி வந்தன்னைக்கு உக்காந்தவ. இன்னும் எந்திரிக்கல"ன்னு சொல்லுச்சு. அதுக்கு ஒரே ஒரு ஆசை, ஓவர்லாக் மெஷின்ல உக்காரணும். சாப்பாட்டு நேரத்துல பாதிச் சோத்தை உண்டுட்டு, சும்மா கெடக்கற மெஷின்ல வேஸ்ட் துணியைப் போட்டு ஓட்டிப் பழகும். கோணல் மாணலா ஆரம்பிச்சு, ஒரு மாசத்துல நூல் புடிச்ச மாதிரி நேரா ஓட்டுச்சு. சூப்பர்வைசர் பாத்துட்டு, தை பொறந்ததும் அந்தக் கடைசி மெஷினு உனக்குத்தான்னு சொல்லிட்டாப்ல. அன்னிலேருந்து அந்த மெஷினைக் காலையில வந்து தொடைச்சு வெக்கும், யாரும் சொல்லாமயே.

ஆனா அவங்கப்பா அனுப்பும்போதே சொல்லித்தான் அனுப்பியிருந்தாரு. ஒரு வருசம் பாப்போம், நடுவுல ஏதாவது பேச்சு வந்துச்சு, அன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவேன், அப்புறம் வாசப்படி தாண்டக் கூடாதுன்னு. "பேச்சு வராம இருந்துக்கிடணும்க்கா, அவ்வளவுதான்"னு அந்தப் புள்ளை சொல்லும். நான்தான், "என்ன பேச்சு வருது? எவன் பேசறான்? எங்கிட்ட வரச் சொல்லு"ன்னு மார் தட்டுனேன்.

பஞ்சு அதுக்கு ஒத்துக்கலை. தும்மித் தும்மி மூக்கு செவந்து போச்சு, சுடிதார் பூரா பஞ்சு. ஒரு நாள் பாத்துட்டே இருந்தேன், மனசு பொறுக்கலை. என் மேல இருந்த சட்டையைக் கழட்டி அதுக்கு மாட்டி உட்டேன். காலர் பட்டனைக்கூட நான்தான் போட்டேன். "எக்கா, உங்களுக்கு?"ன்னுச்சு. "எங்கூட்டுல இன்னும் நாலு கெடக்குது, நீ போடு கண்ணு"ன்னேன். லைனே பாத்துச்சு. எனக்குப் பெருமையான பெருமை. அன்னிக்குக் காலையில அந்தச் சட்டையிலதான் கன்னுக்குட்டி மூஞ்சியைத் தேச்சுட்டு நின்னுச்சு. அது என் நெனப்புலயே இல்லை.

எனக்கு வந்தது அதுக்கப்புறம் ஒரு வாரத்துல. முழங்கைக்கு மேல உள்பக்கமா ஒரு வட்டம், ஒரு ரூபாய்க் காசு அளவு. ஓரம் தடிச்சுச் செவந்து, நடுவுல தெளிஞ்சு இருந்துச்சு. அரிப்புன்னா அப்படி ஒரு அரிப்பு. வர்ற வழியில மெடிக்கல்ல காட்டினேன். கடைக்காரரு எட்டிப் பாத்துட்டு, ஒரு சின்ன டியூப்பை எடுத்து வெச்சாரு. எல்லாத்துக்கும் கேக்கும்னாரு. கேட்டுச்சே! ரெண்டே நாள்ல அரிப்பு நின்னு போச்சு, செவப்பு அடங்கிப் போச்சு. அடடா, தங்கமான மருந்துன்னு நெனைச்சேன். உட்டேன், ஒரே வாரத்துல திருப்பி வந்துச்சு, இந்தத் தடவை மூணு வட்டம். மறுபடி போட்டேன். மறுபடி அடங்குச்சு. இப்படியே ஓடுச்சு. சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இறக்கி உட்டு பட்டனைப் போட்டுட்டேன், வெளிய யாருக்கும் தெரியாது.

மார்கழி பொறக்கறதுக்கு முன்னால, அந்தப் புள்ளை பீஸ் கட்டை டேபிள்ல போட்டுட்டு, தலைமுடியை ஒதுக்கிப் பொடனியைக் காட்டுச்சு. "எக்கா, இங்கன அரிச்சுக்கிட்டே கெடக்கு. என்னன்னு பாருங்களேன்."

சட்டைக் காலர் ஒரசற எடம். அதே வட்டம். அதே தடிச்ச ஓரம். பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. என் கையில இருக்கறதும் அது கழுத்துல இருக்கறதும் ஒண்ணுன்னு தெரிஞ்சு போச்சு. சட்டையான்னு ஒரு நெனப்பு மின்னல் மாதிரி வந்துச்சு. சீ, அப்படியெல்லாம் இருக்காதுன்னு அதைத் தொரத்திட்டேன். எனக்கும் இருக்குதுன்னு சொல்லலை. பைக்குள்ள கைய உட்டு டியூப்பை எடுத்துக் குடுத்தேன். "காலையில ஒருக்கா, பொழுதோட ஒருக்கா போடு. சூப்பரான மருந்து"ன்னேன். "நீங்க எதுக்குக்கா வெச்சிருக்கீய?"ன்னு கேட்டுச்சு. "ஊட்டுல இருந்துச்சு"ன்னு சொன்னேன்.

சொன்னபடி போட்டுச்சு அந்தப் புள்ளை. ரெண்டு நேரமும் தப்பாம போட்டுச்சு. எனக்குன்னு வேற டியூப் வாங்கி நான் மறந்து மறந்துதான் போடுவேன், அந்தப் புள்ளைக்கு என் மேல அவ்வளவு நம்பிக்கை. மொதல்ல அடங்குச்சு. பதினஞ்சு நாள் கழிச்சு கழுத்தைச் சுத்தி மாலை மாதிரி எறங்குச்சு, காதுக்குப் பின்னால ஏறுச்சு, தாடையைத் தாண்டிக் கன்னத்துக்கே வந்துருச்சு. செவந்து, பொரி பொரியா, அங்கங்க சீழ் வெச்சு. பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. துப்பட்டாவைச் சுத்திக்கிட்டு வேலை பாத்துச்சு.

கம்பெனியில வாய் சும்மா இருக்குமா? தெக்கத்திக்காரங்க குளிக்கறதில்லைன்னு ஒருத்தி. பெருநோயா இருக்கும்னு ஒருத்தி. கெட்ட சீக்கு, வெளிய சொல்ல முடியாத சீக்குன்னு ஒருத்தி, அதையும் என் காதுக்கிட்ட வந்து சொன்னா. வேற நாளா இருந்தா அவ கொண்டையைப் புடிச்சிருப்பேன். அன்னிக்கு நான் தலையைக் குனிஞ்சுட்டு, "யாரு கண்டா"ன்னு சொன்னேன். அந்த வார்த்தையை நெனைச்சா இன்னிக்கும் எனக்கு நாக்கைக் கடிச்சுக்கணும் போல இருக்குது. ஹாஸ்டல்ல அதோட பாயைத் தனியா வராண்டாவுல போட்டுட்டாங்க.

அந்த வாரக் கடைசியில துணி வாங்கற வெளிநாட்டு பையர் ஆளுங்க கம்பெனியைப் பாக்க வர்றதா இருந்துச்சு. செவுத்துக்குப் பெயிண்ட், எல்லாருக்கும் தலைக்குத் தொப்பி, ஒரே அமர்க்களம். கொழந்தை போடற துணி, தோல் சீக்கு இருக்கற ஆள் கையில படலாமான்னு ஆபீஸ்ல சத்தம் போட்டிருக்கறாங்க. செவ்வாக்கெழமை சூப்பர்வைசர் லைனுக்கு நடுவுல வந்து நின்னாப்ல. அந்தப் புள்ளையை டெய்லர் பக்கத்துல இருந்து வரச் சொல்லி ஓரமா நிக்க வெச்சாப்ல. அப்புறம் எங்க எல்லாத்தையும் பாத்து, "வேற யாருக்காச்சும் இந்த மாதிரி இருக்குதுங்களா? இருந்தா இப்பவே சொல்லிருங்க"ன்னாப்ல.

சட்டைக்குள்ள என் கை அப்பத்தான் அரிச்சுச்சு. அந்தப் புள்ளை நேரா என்னைப் பாத்துச்சு. நான் அடுத்த பீஸை எடுத்து விரிச்சேன். ஒரு குத்தமும் இல்லாத பீஸு. அதுல ஓட்டை தேடிட்டு நின்னேன்.

அந்தப் புள்ளையோட அப்பாவுக்கு போன் போட்டாச்சு, ஞாயித்துக்கெழமை வந்து கூட்டிட்டுப் போயிருவாருன்னு மத்தியானம் ஹாஸ்டல் வார்டனம்மா சொல்லிருச்சு. சோறு தின்ற எடத்துல அந்தப் புள்ளை என் பக்கத்துல வந்து உக்காந்துச்சு. அழுகலை. "எக்கா, ஊருக்குப் போனா மறுபடி தட்டுதான்"னு மட்டும் சொல்லுச்சு. நான், "பொறு கண்ணு, நான் பேசறேன். என்னை மீறி யாரு அனுப்பறான்னு பாக்கறேன்"னேன். தலையை ஆட்டுச்சு.

எனக்கு அதுக்குள்ள இடுப்புலயும் வந்துருச்சு, சீலை கட்டற எடத்துல, கை அகலத்துக்கு. பயந்து போய் வெள்ளிக்கெழமை லீவு போட்டுட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். தோல் டாக்டரு ஒரு அம்மா. பாத்துட்டு ஒண்ணும் யோசிக்கலை, நேரா கேட்டாங்க.

"வீட்ல மாடு இருக்காம்மா?"

"இருக்குதுங்க."

"கன்னுக்குட்டி? அதுக்குக் கண்ணைச் சுத்தி வெள்ளையா செதில் இருக்கா?"

எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. ஊட்டுக்கு வந்து பாத்த மாதிரி கேக்கறாங்களேன்னு. அவங்கதான் விளக்கமாச் சொன்னாங்க. இது பூஞ்சை, ஊசிப் போன சோத்துல பூக்குதில்ல, அந்தச் சாதி. மாட்டு முடியிலயும் வளரும், மனுசத் தோல்லயும் வளரும். உதுர்ற செதில்ல மாசக்கணக்கா உசுரோட கெடக்கும், துணியில ஒட்டிட்டுப் போகும். கட்டுத்தறிக்குப் போடற துணியை வேற எங்கயும் போட்டுட்டுப் போவாதீங்கன்னாங்க. டியூப்பைக் காட்டினேன். அவங்க மொகம் மாறிப் போச்சு. "இது அரிப்பை அமுக்குமே ஒழிய பூஞ்சையைக் கொல்லாதும்மா. அதுக்குத் தீனி போட்டு வளத்த கதைதான். நீங்க மட்டும்தான் போட்டீங்களா, வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

"இல்லீங்க"ன்னேன்.

டாக்டர்கிட்டக்கூடப் பொய். எதுக்குன்னு எனக்கே தெரியலை. அந்தம்மா என்னை அடிக்கவா போறாங்க? "இது பெரிய சீக்குங்களா?"ன்னு கேட்டேன். அவங்க சிரிச்சாங்க. "ஒரு மாசம் மாத்திரை, களிம்பு. அவ்வளவுதான். இதுக்குப் போய் யாராவது பயப்படுவாங்களா"ன்னாங்க.

அன்னிக்கு ஊட்டுல பெரிய ரகளை. ஊட்டுக்காரரு, கன்னைச் சந்தைக்குத் தாட்டி வித்துரலாம்னு கெளம்பிட்டாரு. நான் குறுக்க போய் நின்னுட்டேன். எங்க அத்தை கையை நீட்டிக் காட்டுனாங்க, மணிக்கட்டுல மங்கலா ஒரு வட்டம். "எனக்குந்தான் வந்துச்சு. கட்டுத்தறிக்குப் போறதை நிறுத்துனேன், போயிருச்சு. நான் சொன்னா யாரு கேக்கறா"ன்னாங்க. மாட்டாஸ்பத்திரியில மருந்து குடுத்து, கட்டுத்தறிக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னாங்க. கன்னு தப்பிச்சுச்சு.

சனிக்கெழமை ஆஸ்பத்திரிச் சீட்டைப் பைக்குள்ள வெச்சுட்டுத்தான் வேன் ஏறினேன். போனதும் சூப்பர்வைசர்கிட்ட போய், இந்தா பாரு, எனக்கும் இருக்குது, என்கிட்ட இருந்துதான் அந்தப் புள்ளைக்குப் போச்சு, ஒரு மாசத்துல போயிரும்னு டாக்டரே எழுதியிருக்கறாங்க, யாரையும் அனுப்பாதன்னு சொல்லணும். வேன்ல வர்றப்ப மனசுக்குள்ள பத்து தடவை சொல்லிப் பாத்தேன். போனா வாசல்லயே கோலம், பூ. பையர் ஆளுங்க வர்ற நாள் அன்னிக்குத்தான். அந்தப் புள்ளையை ஹாஸ்டலை உட்டு வெளிய வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம். இப்பப் போய்ச் சொன்னா என்னையும் அந்த ஹாஸ்டல் ரூமுல தள்ளிக் கதவைச் சாத்திருவாங்கன்னு தோணுச்சு. டீ டைம்ல சொல்லிக்கலாம்னு நெனைச்சேன். டீ டைம்ல பையர் ஆளுங்க எங்க லைன்ல நடந்து வந்தாங்க. ஒரு வெள்ளைக்கார அம்மா என் டேபிள்கிட்ட நின்னு, நான் பாத்து வெச்ச பீஸைத் தொட்டுப் பாத்துச் சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். சாயங்காலம் சொல்லிக்கலாம்னு நெனைச்சேன். சாயங்காலம் எல்லாத்துக்கும் லட்டு குடுத்தாங்க. வேன் ஆரன் அடிச்சான். ஏறிட்டேன்.

கன்னுக்குட்டிக்காகத்தான் வாயை மூடினேன்னு ரொம்ப வருசம் எனக்கு நானே சொல்லிட்டு இருந்தேன். தெரிஞ்சா வித்துருவாங்கன்னு பயந்தேனாம். கன்னு வெள்ளிக்கெழமையே தப்பிச்சிருச்சு. சனிக்கெழமை நான் பயந்தது என் ஜன்னலோரத்துக்கு, வேற எதுக்கும் இல்லை. அதோட எல்லாரும் என்னைப் பாத்து மூக்கைப் பொத்துவாங்களேங்கற வெக்கம். ஊரு வாயை அடக்கற எனக்கு அந்த வெக்கத்தை அடக்கத் தெரியலை.

திங்கக்கெழமை போனதும் நேரா சூப்பர்வைசர்கிட்ட போனேன். சட்டைக் கையை மடிச்சுக் காட்டினேன். சீட்டைக் காட்டினேன். கத்தினேன், லைனே மெஷினை நிறுத்திட்டுப் பாத்துச்சு. "அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் இல்லை, எங்கூட்டு மாட்டுல இருந்து வந்தது, கூப்புடு அதை"ன்னேன். அந்தத் தம்பி பாவமாப் பாத்தாப்ல. "ஏனுங்க்கா, அவங்கப்பா நேத்தே வந்து கூட்டிட்டுப் போயிட்டாருங்க. இப்ப வந்து சொல்றீங்களே"ன்னாப்ல. அப்புறம், "சரி, நீங்க ஒரு பத்து நாள் ஊட்டுல இருந்து மருந்து சாப்புட்டுட்டு வாங்க. உங்க எடம் எங்க போகுது"ன்னாப்ல.

கேட்டீங்களா? அவ்வளவுதான் எனக்குக் கெடச்ச தண்டனை. பத்து நாள் லீவு. பழைய ஆளு, உள்ளூர்க்காரி, வாயாடி. ஒருத்தியும் என் டேபிளை நகத்தலை, பெருநோய்னும் சொல்லலை. ஐயோ பாவம், மாட்டுல இருந்து வந்துச்சாம்னு எனக்குப் பரிதாபம்தான் பட்டாங்க. பத்து நாள் கழிச்சுப் போனேன், அதே ஜன்னலோரம். பொங்கல் முடிஞ்சு அந்தக் கடைசி மெஷின்ல வேற ஒரு புள்ளையை உக்கார வெச்சாங்க. நல்ல புள்ளைதான். அதைப் பாக்கக்கூட எனக்குப் புடிக்கலை.

ஊருக்குப் போற அன்னிக்கு வார்டனம்மாகிட்ட, எனக்குக் குடுக்கச் சொல்லி அந்தப் புள்ளை ஒரு நம்பர் எழுதிக் குடுத்திருந்துச்சு. அதுங்க ஊட்டுக்குப் பக்கத்துக் கடை நம்பரு. அதை நான் மாசி பொறக்கற வரைக்கும் பைக்குள்ளயே வெச்சிருந்தேன். ஒரு ஞாயித்துக்கெழமை காலையில மனசைத் தெகிரியப்படுத்திட்டு போன் பூத்துக்குப் போனேன். கடைக்காரரு ஆளனுப்பிக் கூட்டியாரச் சொல்லிட்டுக் காத்திருங்கன்னாரு. போனுக்குள்ள யாரோ கொழந்தை அழுகற சத்தம், பஸ்ஸு போற சத்தம். அப்புறம் "எக்கா"ன்னுச்சு.

நான் மூச்சு உடாம எல்லாத்தையும் சொன்னேன். பூஞ்சை, கன்னுக்குட்டி, சட்டை, நான் குடுத்த டியூப்பை நிறுத்திரணும், அங்க ஆஸ்பத்திரியில என்ன மாத்திரை கேக்கணும், எல்லாத்தையும். எனக்கும் இருந்துச்சு கண்ணு, உனக்கு முன்னாடியே இருந்துச்சு, என்கிட்ட இருந்துதான் உனக்கு வந்துச்சுன்னு சொன்னேன்.

"தெரியும்க்கா"ன்னுச்சு.

"என்ன தெரியும்?"

"உங்க கையில இருந்தது தெரியும். சட்டைக் கையை மேல ஏத்திட்டுக் குழாய்ல கை கழுவயில பாத்தேன். எனக்கு வந்ததுமே தெரிஞ்சுட்டு."

"அப்பறம் ஏங்கண்ணு அன்னிக்கு லைன்ல நீ சொல்லலை? வார்டன்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல? நான்தான்னு கையைக் காட்டியிருந்தா உன்னைய மட்டும் அனுப்பியிருக்க மாட்டாங்களே"ன்னு கேட்டேன். கோவமாத்தான் கேட்டேன். அந்தப் புள்ளை மேலயே எனக்குக் கோவம்.



"நீங்களே சொல்லுவீயன்னு நினைச்சேன்க்கா"ன்னுச்சு.

வையற மாதிரி சொல்லலை. நடந்ததை நடந்த மாதிரி சொல்லுச்சு. என்னென்னமோ சொல்ல வேண்டியது இருந்துச்சு. "சாப்பிட்டியா கண்ணு?"ன்னு கேட்டேன். "சாப்பிட்டேன்க்கா, பீடித் தட்டு அப்படியே கெடக்கு, போவணும்"னு சொல்லிட்டு வெச்சுருச்சு.